சமோவார்

சமோவார் என்பது தேநீருக்கு வெந்நீர் காய்ச்சும் உலோகக் கலம். நடுவில் செங்குத்தாக ஒரு நெருப்புக் குழல், அதைச் சுற்றி நீர், அடிப்பக்கத்தில் திறந்து மூட ஒரு சிறு குழாய். இதுதான் அதன் அமைப்பு. சொல் ருஷ்ய மொழிக்கு உரியது. ருஷ்ய வீட்டின் உணவு மேசையில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இடம்பிடித்திருக்கும் பொருளின் பெயர் அது. பாரசீகம், துருக்கியம், காஷ்மீரி, மலையாளம், ஆங்கிலம் எனப் பல மொழிகள் இச்சொல்லை மொழிபெயர்க்காமலே ஏற்றுக்கொண்டன. தமிழுக்கு அது பெரும்பாலும் ருஷ்ய நாவல்களின் மொழிபெயர்ப்புகள் வழியே வந்தது. மும்பையின் ஓவியர்களுக்கோ அது அரை நூற்றாண்டுக் காலம் ஒரு சிற்றுண்டிக் கடையின் பெயர். அதே நகரத்தின் பழைய வீடுகளில் குளிக்க வெந்நீர் போட்ட செம்புக் கலமும் உள்ளமைப்பில் சமோவார்தான், பெயர்தான் வேறு.

சொல்லின் பிறப்பு

ருஷ்ய மொழியில் ‘சமோ’ என்றால் ‘தானே’. ‘வார்’ என்பது காய்ச்சுதல், வேகவைத்தல், சமைத்தல் ஆகிய பொருள்களைத் தரும் ‘வரீத்’ என்ற வினையின் வேர். இரண்டும் சேர்ந்து ‘தானே காய்ச்சுவது’ என்று பொருள்படும். தனி அடுப்பு வேண்டாம், நெருப்பும் நீரும் ஒரே கலத்துக்குள் இருக்கின்றன என்பதைத்தான் பெயர் சொல்கிறது.

இரண்டு வேர்களுக்கும் பெரிய குடும்பம் உண்டு. நாம் ‘சமம்’ என்று வழங்கும் வடசொல்லும் ருஷ்ய ‘சமோ’வும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து பிரிந்தவை. ருஷ்ய மொழியில் ‘சமோ’ இன்றும் புதுச்சொல் ஈன்றுகொண்டிருக்கிறது. விமானம் ‘சமல்யோத்’, அதாவது தானே பறப்பது. இச்சொல் விமானம் பிறப்பதற்கு முன்பே நாட்டுப்புறக் கதைகளில் பறக்கும் கம்பளத்துக்கு அடைமொழியாக வழங்கியது. சரக்கைத் தானே கவிழ்த்துக் கொட்டும் லாரி ‘சமஸ்வால்’. சோவியத் காலத்தில் தணிக்கைக்குத் தப்பி எழுத்தாளர்கள் தட்டச்சு செய்து கைமாற்றிக்கொண்ட படைப்புகளுக்கு ‘சமிஸ்தாத்’, தானே பதிப்பித்தது, என்று பெயர். ‘வார்’ வேரின் பிள்ளைகளில் பல அடுக்களையிலேயே வாழ்கின்றன. சமையற்காரர் ‘போவர்’. சர்க்கரைப் பாகில் காய்ச்சி எடுத்த பழம் ‘வரேனியே’. கெட்டியாக இறக்கிய தேநீர்ச் சாறு ‘ஜவார்க்கா’. சமோவார் வைத்த மேசையில் ஜவார்க்காவும் வரேனியேவும் தவறாமல் இருக்கும் என்பதால், ஒரே வேரில் பிறந்த மூன்று சொற்கள் ஒரே விரிப்பின்மேல் கூடுகின்றன.

தொடக்கத்தில் பெயர் ஒன்றாக நிலைபெறவில்லை. குர்ஸ்க் வட்டாரத்தார் இதே கலத்தைத் தானே கொதிப்பது என்ற பொருளில் ‘சமகீபெத்ஸ்’ என்றனர். யாரஸ்லாவ்லில் அது தானே எரிவது, ‘சமகார்’. வியாத்காவில் தானே சூடேறுவது, ‘சமக்ரேய்’. வட்டாரப் பெயர்கள் மங்கிப்போய் ‘சமோவார்’ மட்டும் நிலைத்தது. சொல் தாத்தார் மொழியின் ‘சனபார்’ என்பதிலிருந்து திரிந்தது என்றும் ஒரு கருத்து உண்டு. ருஷ்யச் சொற்பிறப்பியலின் பெரும்புலவரான மாக்ஸ் ஃபாஸ்மர் அதை ஏற்கவில்லை. ‘தானே’ என்ற முன்னொட்டில் இத்தனை வட்டார வடிவங்கள் உள்ளூரிலேயே கிடைக்கும்போது வெளிமொழியில் மூலம் தேட வேண்டிய தேவை இல்லை.

இந்தப் பெயர்க் கருத்து ருஷ்யர்களுக்கு மட்டும் தோன்றியதன்று. பண்டைய ரோமாபுரியில் உள்ளே கரி வைத்து நீர் காய்ச்சும் கலத்துக்கு ‘அவுதெப்ஸா’ என்று பெயர். கிரேக்கத்தில் அதற்குத் தானே கொதிப்பது என்றுதான் பொருள். கி.மு. முதல் நூற்றாண்டில் சிசரோ தமது வழக்குரை ஒன்றில், செல்வர் வீட்டு ஆடம்பரப் பொருளாக இதைக் குறிப்பிட்டிருக்கிறார். ரோமக் கலத்திலிருந்து ருஷ்யக் கலத்துக்குத் தொடர்ச்சியான மரபு எதுவும் இல்லை. ஒரே அமைப்பைக் கண்ட இரண்டு மக்கள் ஒரே வகையில் பெயரிட்டிருக்கிறார்கள்.

உச்சரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ருஷ்ய மொழியில் அழுத்தம் பெறாத ‘ஒ’ பேச்சில் ‘அ’ போலத்தான் ஒலிக்கும். இச்சொல்லில் அழுத்தம் கடைசி அசைமேல் விழுகிறது. எனவே எழுதுவது ‘சமோவார்’, ருஷ்யர் வாயில் கேட்பது ‘சமவார்’. பாரசீகத்தில் இது ‘சமாவர்’. காஷ்மீரியிலும் மலையாளத்திலும் அதையொட்டிய வடிவங்களே வழங்குகின்றன. வணிகர் வழியாகவும் கைவினைஞர் வழியாகவும் காதால் கேட்டுப் பெற்ற மொழிகள் ஒலியைக் காப்பாற்றின. ஆங்கிலமும் தமிழும் எழுத்தைக் கண்ணால் பார்த்துப் பெற்றதால் ‘மோ’ நிலைத்துவிட்டது. ஒரு மொழிக்கு இச்சொல் கடைத்தெரு வழியாக வந்ததா, புத்தக அலமாரி வழியாக வந்ததா என்பதை அந்த ஓர் உயிரெழுத்தே காட்டிவிடுகிறது.

கலமும் அது வேலை செய்யும் விதமும்

மரபான சமோவார் பித்தளை அல்லது செம்பால் ஆனது. உட்புறம் ஈயம் பூசியிருக்கும். உருளை, முட்டை, கிண்ணம், பூச்சாடி எனப் பல வடிவங்களில் செய்தார்கள். நடுக்குழலின் அடியில் காற்றுப் புகத் துளைகள் உண்டு. குழலுக்குள் கரி, காய்ந்த சுள்ளி அல்லது பைன் காய்களைப் போட்டுப் பற்றவைப்பார்கள். சூடான காற்று மேலெழ, அடித்துளை வழியாகப் புதுக்காற்று உள்ளே இழுபட, நெருப்பு தானே வளரும். தொடக்கத்தில் இழுப்பு போதாவிட்டால் உயரமான தோல் காலணி ஒன்றைக் குழல் வாயில் கவிழ்த்து, துருத்திபோல் அமுக்கிக் காற்று ஊதுவது ருஷ்ய கிராமத்து வழக்கம். வீட்டுக்குள் வைத்தால் நீளமான வளைந்த குழாயைப் பொருத்தி, புகையை அடுப்பின் புகைப்போக்கியோடு இணைப்பார்கள்.

நெருப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் நீர் இருப்பதால் வெப்பம் வீணாவதில்லை. சிறிதளவு கரியிலேயே பல லிட்டர் நீர் கொதித்து, கனல் அடங்கிய பிறகும் நெடுநேரம் சூடாக இருக்கும். நீர் கொதிநிலைக்கு ஏறும்போது எழும் ஒலி மாறிக்கொண்டே போகும். முதலில் மெல்லப் பாடும், பிறகு இரையும், கடைசியில் குமுறும் என்று ருஷ்யர் அதை மூன்று கட்டமாகப் பிரிப்பார்கள். தேயிலைக்கு நடுக்கட்டத்து நீரே ஏற்றது என்பது அவர்கள் கணிப்பு.

ருஷ்ய சமோவாரில் தேநீர் காய்ச்சுவதில்லை என்பதைத் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதில் வெந்நீர் மட்டுமே இருக்கும். கெட்டியான ஜவார்க்கா சிறு பீங்கான் கெண்டியில், சமோவாரின் உச்சியிலுள்ள வளையத்தின்மேல் சூடு குறையாமல் காத்திருக்கும். கோப்பையில் முதலில் இந்தச் சாற்றைச் சிறிது ஊற்றி, குழாயைத் திறந்து அவரவர்க்கு வேண்டிய அளவு வெந்நீர் கலந்துகொள்ள வேண்டும். மும்பையில் தமிழர் வாழும் மாட்டுங்காவின் வீடுகளில் முன்கூட்டியே இறக்கிவைத்த டிகாக்‌ஷனில் ஆளுக்குத் தக்கபடி பால் சேர்ப்பது போன்ற ஏற்பாடு அது. ஒரே கலத்தைச் சுற்றிக் குழந்தைக்கு வெளிறிய தேநீரும் பெரியவருக்குக் கடுந்தேநீரும் கிடைக்கும்.

தூலா

தேயிலை ருஷ்யாவுக்கு வருமுன்பே, தேனும் வாசனைப் பொருள்களும் சேர்த்துக் காய்ச்சிய ‘ஸ்பீதென்’ என்ற சுடுபானம் அங்கே தெருக்களில் விற்றது. அதைச் சூடாகவே சுமந்து திரிய, உள்ளே கரிக்குழல் வைத்த கெண்டி ஒன்று இருந்தது. சமோவாருக்கு நெருங்கிய முன்னோடி அதுதான். 1638இல் மங்கோலிய ஆட்சியாளர் அல்தின் கான், ஜார் மிகைலுக்குப் பரிசாக அனுப்பியவற்றுள் தேயிலையும் இருந்தது. 1727இல் சீனாவுடன் ஏற்பட்ட கியாக்தா உடன்படிக்கைக்குப் பின் ஒட்டகச் சாரிகள் முறையாகத் தேயிலை கொண்டுவரத் தொடங்கின. பானம் மாறவே கலமும் மாறியது.

‘சமோவார்’ என்ற பெயரோடு கிடைக்கும் மிகப் பழைய ஆவணம் 1740ஆம் ஆண்டு யூரல் பகுதியைச் சேர்ந்தது. இர்கின்ஸ்க் தொழிற்சாலையில் செய்து, ஈயம் பூசிய செம்புச் சமோவார் ஒன்றை யெகதெரின்பூர்க் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்து பதிந்திருக்கிறார்கள். ஆனால் புகழ் முழுவதும் மாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள தூலா நகருக்கே போயிற்று. 1778இல் இவான், நசார் லிசீத்சின் சகோதரர்கள் அங்கே தங்கள் தந்தையின் பட்டறையில் சமோவார் செய்யத் தொடங்கினர். 1850 வாக்கில் அந்த ஊரில் 28 சமோவார்த் தொழிற்சாலைகள் இருந்தன. ஆண்டுக்குச் சுமார் 1,20,000 சமோவார்கள் வெளிவந்தன. ஒரு காலத்தில் இவற்றை எடைபோட்டு விற்றார்கள். கனமானது விலை கூடியது.

தூலா ஏன்? பேரரசர் பீட்டர் 1712இல் அங்கே அரசு ஆயுதச்சாலையை நிறுவியிருந்தார். துப்பாக்கிக் குழல் கடைந்த கைகளுக்கு நெருப்புக் குழல் பெரிய காரியமாக இல்லை. உலோகம், கரி, கொல்லர், பழகுநர் என எல்லாமே ஊரில் இருந்தன. ‘தூலாவுக்குப் போகும்போது சமோவாரைச் சுமந்து போகாதே’ என்று ருஷ்யப் பழமொழி ஒன்று உண்டு. கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்று நம் ஊரில் சொல்வதும் அதேதான். தொழில் நகரங்களின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடக்கும் கதை. மும்பையில் 1897இல் லால்பாகில் பூட்டுச் செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம், பெட்டகம் செய்யும் திறமையை 1923இல் எஃகு பீரோவுக்குத் திருப்பியது. பிரோஜ்ஷா கோத்ரெஜ் 1943இல் விக்ரோலியில் பெருநிலப்பரப்பை வாங்கினார். அங்கே எழுந்த ஆலைகள் பின்னர் தட்டச்சுப் பொறியும் குளிர்பதனப் பெட்டியும் செய்தன. பாதுகாப்புக்காகச் செய்த பூட்டின் கைத்திறன் அடுக்களைக்குள் நுழைந்த அந்த வழியில்தான், அதற்கு நெடுங்காலம் முன்பே தூலாவின் துப்பாக்கிக் கொல்லர்களும் நடந்தார்கள். பெயரும் பொருளும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டதும் இரண்டிலும் ஒன்றே. இந்தியாவின் பல வீடுகளில் எஃகு பீரோவுக்குக் ‘கோத்ரெஜ்’ என்றே பெயர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் கரிச் சமோவாரின் இடத்தை மின்சாரச் சமோவார் பிடித்தது. ருஷ்ய ரயில் பெட்டிகளின் கோடியில் பயணிகளுக்கு வெந்நீர் தரும் கொதிகலன் இன்றும் இருக்கிறது. தூலாவில் சமோவார் அருங்காட்சியகம் 1990இல் திறக்கப்பட்டது.

ருஷ்ய வாழ்விலும் பேச்சிலும்

ருஷ்ய மொழியில் சமோவாரைப் ‘பற்றவைப்பது’ என்பதைவிட ‘வைப்பது’ என்று சொல்வதே வழக்கு. விருந்தாளி வாசலில் தென்பட்டதும் வீட்டுக்காரி சொல்லும் முதல் வார்த்தை சமோவார் வைக்கச் சொல்வதாக இருக்கும். கோர்க்கியின் ‘தாய்’ நாவலில் இரகசியக் கூட்டங்களுக்கு இடையே பெலகேயா நீலவ்னா சமோவார் வைத்துக்கொண்டே இருப்பதை வாசகர்கள் அறிவர். புரட்சியைப் பற்றிய பேச்சும் அயலார் கண்ணுக்குத் தேநீர் விருந்தாகத் தோன்ற அந்தக் கலம் உதவுகிறது. புஷ்கினின் ‘யெவ்கேனி அனேகின்’ காவியத்தில் மாலை மயங்கும் வேளையில் அது மேசைமேல் மின்னுகிறது. பரீஸ் குஸ்தோதியெவ் 1918இல் தீட்டிய ‘தேநீர் அருந்தும் வணிகர் மனைவி’ ஓவியத்தில், தர்பூசணிக்கும் திராட்சைக்கும் பக்கத்தில் பளபளக்கும் சமோவாரைச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ருஷ்ய அருங்காட்சியகத்தில் காணலாம். தனீல் ஹார்ம்ஸ் 1928இல் எழுதிய சிறுவர் பாடல் ஒன்றில் சமோவாருக்கு இவான் இவானிச் என்று ஆளைப்போலப் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

இச்சொல்லுக்கு ஒரு கொடிய பயனும் ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போரில் இரு கைகளையும் இரு கால்களையும் இழந்து திரும்பிய வீரர்களைச் சோவியத் மக்கள் பேச்சுவழக்கில் ‘சமோவார்’ என்றார்கள். வெறும் உடல் மட்டுமே எஞ்சியதால் வந்த பெயர். வீட்டின் மிக அன்பான பொருளின் பெயரே இப்படியும் பயன்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டால் இச்சொல்லின் வரலாறு அரைகுறையாகிவிடும்.

கிழக்கும் தெற்கும்

ருஷ்யாவிலிருந்து சமோவார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈரானிலும் துருக்கியிலும் பரவியது. பொருளோடு சொல்லும் சென்றது. ஈரானில் அது இன்றும் வீட்டுக் கலம், துருக்கியில் ‘செமாவெர்’.

இந்தியாவில் சமோவார் உயிரோடு வாழும் இடம் காஷ்மீர். ஸ்ரீநகரின் செப்புக் கொல்லர்கள் அதன் உடல் முழுவதும் சினார் இலையும் கொடியும் செதுக்குகிறார்கள். காஷ்மீரக் கலத்துக்கு ருஷ்யக் கலத்தோடு இரண்டு பெரிய வேறுபாடுகள் உண்டு. அடியில் திருகு குழாய் கிடையாது. கூஜாவைப் போல வளைந்த மூக்கும் கைப்பிடியும் இருக்கும், சாய்த்து ஊற்ற வேண்டும். உள்ளே வெறும் நீர் அன்று, பானமே கொதிக்கிறது. பச்சைத் தேயிலை, ஏலம், இலவங்கப்பட்டை, குங்குமப்பூ, பாதாம் சேர்ந்த கஹ்வாவும், உப்பிட்ட இளஞ்சிவப்பு நூன் சாயும் அதற்குள் தயாராகின்றன. காஷ்மீர முஸ்லிம்கள் செம்புக் கலத்தையும் பண்டிதர்கள் பித்தளைக் கலத்தையும் விரும்பினர். திருமணத்திலும் துக்க வீட்டிலும் சமாவர் இல்லாமல் ஆட்களை உபசரிப்பதில்லை. ருஷ்யாவில் மின்கெண்டி வந்து அதை அலங்காரப் பொருளாக ஒதுக்கிய பிறகும், காஷ்மீரில் கனல் அணையவில்லை. சொல் பிறந்த நாட்டைவிடச் சொல் சென்ற நாடு அதன் பழைய பயனைக் காப்பாற்றியிருக்கிறது என்று இதைக் கூறலாம்.

தெற்கே கேரளத்துச் சாயக்கடைகளில் வேறொரு சமாவர். உயரமான செம்பு அல்லது பித்தளைக் கலம், நடுவில் கரிக்கனல், பக்கத்தில் குழாய், மேலே பால் சூடேறும் இடம். இங்கே இது கடைக்காரரின் கருவி, வீட்டுக்குள் வரவில்லை. நீர் கொதிக்கும்போது ஓசை எழுப்பட்டும் என்று உள்ளே ஒரு நாணயத்தைப் போட்டு வைப்பார்கள். நீர் குமுறினால் காசு குதித்துக் கிணுகிணுக்கும், கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே நீர் தயாரானதை அறிவார். ருஷ்யர் காது கொடுத்துக் கேட்ட மூன்று கட்ட ஓசையை ஒரு காசால் எளிதாக்கிய இந்த யுக்தி, எந்தத் தூலாத் தொழிற்சாலையின் திறமைக்கும் குறைந்ததில்லை.

தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளிலும் அதே கலம் நெடுங்காலம் இருந்தது. பெயர் ‘பாய்லர்’. திருநீறு பூசி, குங்குமம் வைத்து, விடியலில் முதல் வேலையாகக் கரி போட்டுப் பற்றவைப்பார்கள். ‘பாய்லர் டீ’ என்று பலகை வைத்தால் இன்றும் கூட்டம் சேர்கிறது. ஆனால் ரயில் எஞ்சினின் பாகத்துக்கும், ஆலையின் கொதிகலனுக்கும், குளியலறையின் செம்புக் கலத்துக்கும், தேநீர்க் கடைக் கலத்துக்கும் தமிழ்ப் பேச்சில் ஒரே ‘பாய்லர்’ நிற்கிறது. மலையாளிகள் தனிப்பெயர் வைத்துக்கொண்ட இடத்தில் நாம் பொதுப்பெயரோடு நிறைவடைந்துவிட்டோம். இது ஒரு சிறு இழப்புதான் என்றாலும் இழப்பே.

மும்பையும் விக்ரோலியும்

மும்பையில் இச்சொல்லைப் பரப்பியது ஒரு கடை. 1952இல் திறந்த ஜஹாங்கீர் கலைக்கூடத்தில், 1964இல் உஷா கன்னா ‘சமோவார்’ என்ற சிற்றுண்டிச்சாலையைத் தொடங்கினார். ரயில் பெட்டிபோல் நீண்டு ஒடுங்கிய இடம். ஓவியர்கள், நாடகக்காரர்கள், கவிஞர்கள், வேலை தேடி வந்தவர்கள் எனப் பலரும் ஒரு கோப்பைத் தேநீரோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க அங்கே இடம் இருந்தது. எம்.எஃப். உசேன் முதலிய ஓவியர்களின் பெயர் அதோடு சேர்ந்தே பேசப்பட்டது. கலைக்கூடத்தோடு நீண்டநாள் நடந்த இடப்பிரச்சினைக்குப் பின் 2015 மார்ச்சில் கடை மூடப்பட்டது. தேநீரைச் சுற்றி ஆட்கள் கூடிப் பேசுவது என்ற ருஷ்யப் பொருளை, கலம் இல்லாமலே அந்தக் கடை நகரத்துக்குக் கொடுத்தது. மும்பைத் தெருக்களின் ‘கட்டிங் சாய்’ வேறு மரபு. பாலும் சர்க்கரையும் இலையும் இஞ்சியும் ஒரே பாத்திரத்தில் அடுப்பின்மேல் குமுறும். அங்கே சமோவாருக்கு வேலையில்லை.

ருஷ்ய மொழி மும்பையின் வடகிழக்குக்கு வந்தது இன்னொரு வழியில். விக்ரோலியை ஒட்டிய பவாயில் அமைந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1958இல் வொர்லியின் தற்காலிக இடத்தில் தொடங்கியது. யுனெஸ்கோ வழியாகச் சோவியத் யூனியன் அதற்குக் கருவிகளும் வல்லுநர்களும் அனுப்பியது. பவாய் வளாகத்துக்கு 1959 மார்ச் 10இல் நேரு அடிக்கல் நாட்டினார். சோவியத் நிறுவனங்களிலிருந்து 59 வல்லுநர்களும் 14 தொழில்நுட்பப் பணியாளர்களும் வந்து பணியாற்றினர். இந்திய ஆசிரியர்கள் சோவியத் நாட்டுக்குப் பயிற்சிக்குச் சென்றனர். இன்று ஜோகேஸ்வரி–விக்ரோலி இணைப்புச் சாலையில் பேருந்தில் போகிறவர்கள் கடக்கும் அந்த வளாகத்தின் தொடக்கம் ருஷ்ய மொழி பேசியவர்களின் உழைப்போடு கலந்தது.

அதே பகுதியின் வீட்டுப் பொருளைப் பார்த்தால் சமோவாரின் உடன்பிறப்பு கிடைக்கிறது. மராத்தி வீடுகளில் குளியலுக்கு வெந்நீர் போட்ட செம்புக் கலத்துக்கு ‘பம்ப்’ என்று பெயர். நடுவில் கரிக்குழல், சுற்றி நீர், மேலே நீர் ஊற்ற வாய், கீழே குழாய். தேநீர் மேசைக்குப் பதில் குளியலறை, மற்றபடி சமோவாரேதான். இச்சொல் போர்த்துக்கேயரின் ‘போம்பா’விலிருந்து வந்தது என்பர். தீயணைப்பு வண்டிக்கும் மராத்தியில் ‘பம்ப்’ என்றே பெயர். நெருப்பை மூட்டும் கலமும் அணைக்கும் வண்டியும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்வதற்கு, இரண்டிலும் குழாய் வழியே நீர் வருவதுதான் பொதுத் தன்மை. புனேயின் தாம்பட் ஆளியில் செப்புக் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக இதைத் தட்டி உருவாக்கினார்கள். மும்பையில் பாய்தோணியை அடுத்த தாம்பா காட்டா கடைத்தெரு செம்புப் பாத்திரங்களுக்குப் பேர்போனது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் விக்ரோலியிலும் குடியேறிய தமிழர்களுக்கு இந்தக் கலம் புதிதாகத் தோன்றக் காரணம் இல்லை. ஊரில் ‘தாமிர பாய்லர்’ என்று விட்டுவந்ததைத்தான் இங்கே அயலார் ‘பம்ப்’ என்றார்கள். மின்சார கீசரும் சமையல் எரிவாயுவும் இரண்டையும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் ஓரங்கட்டின.

தமிழ் எழுத்தில்

தமிழில் ‘சமோவார்’ என்ற சொல்லுக்கு வயது கூடுதலாக இல்லை. ஆனால் பரிச்சயம் ஆழமானது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய நூல்கள் மிகக் குறைந்த விலையில் கிடைத்தன. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் கடைகளும் புத்தக வண்டிகளும் அவற்றைச் சிற்றூர்கள் வரை கொண்டுசேர்த்தன. தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த ‘தாய்’ பல பதிப்புகள் கண்டது. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் ஆகியோரின் மொழிபெயர்ப்புகளும், பின்னர் எம்.ஏ. சுசீலாவின் தஸ்தயேவ்ஸ்கி மொழிபெயர்ப்புகளும் ருஷ்ய வீட்டின் உட்புறத்தைத் தமிழருக்குக் காட்டின. பனியும் சமோவாரும் இல்லாத ருஷ்ய நாவல் அரிது. திருநெல்வேலியின் வெயிலில் உட்கார்ந்து படித்தவர் இரண்டையுமே கண்ணால் கண்டதில்லை. ஆயினும் இரண்டும் அவருக்குத் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர்கள் இதைத் ‘தேநீர்க் கொதிகலம்’ என்று பெயர்த்திருக்கலாமே என்று கேட்கலாம். பெயர்க்காமல் விட்டதே சரி. ‘கொதிகலம்’ எனும்போது ஆலையின் உருவம் முன்வந்து நிற்கும். சமோவார் என்ற அயல் ஒலியோ, வாசகர் மனத்தில் ஒரு குடும்பம் கூடி உட்காரும் இடத்தைத் திறந்து வைக்கிறது. இட்லியையும் குத்துவிளக்கையும் பிறமொழியில் பெயர்க்காமல் விட வேண்டும் என்று நாம் விரும்புவதற்கு என்ன நியாயமோ, அதே நியாயம் இதற்கும் உண்டு.

கலத்துக்குள் போன தேயிலை

சமோவாரைப் பற்றிய ஐரோப்பிய நூல்கள் பித்தளையைப் பற்றியும் தூலாவைப் பற்றியும் விரிவாகப் பேசுகின்றன. அதனருகே கெண்டியில் இறங்கிய இலையைப் பறித்த கைகளைப் பற்றிப் பேசுவது குறைவு. தமிழில் எழுதும்போது அதை விட்டுவிட முடியாது. தொடக்கத்தில் ருஷ்யர் குடித்தது சீனத் தேயிலை. இருபதாம் நூற்றாண்டில் இலங்கைத் தேயிலையும் இந்தியத் தேயிலையும் பெருமளவில் சேர்ந்துகொண்டன. 1953இல் இந்தியாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் வணிக ஒப்பந்தம் ஏற்பட்டு, ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கும் முறை வந்தது. 1980களின் இறுதியில் இந்தியா ஏற்றுமதி செய்த தேயிலையில் சுமார் பாதியைச் சோவியத் யூனியனே வாங்கியது. யானைப் படம் அச்சிட்ட ‘இந்தியத் தேயிலை’ பொட்டலம் சோவியத் வீடுகளில் மதிப்புக்குரிய பொருள். கிடைத்தால் விருந்தாளிக்கென்று எடுத்துவைப்பார்கள்.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் தமிழர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் அவர்களில் பல இலட்சம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு வேலை தரவே தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே பின்னர் ‘டான்டீ’ நிறுவனம் ஆனது. குன்னூர் ஏல மையம் 1963இலிருந்து இயங்குகிறது. நீலகிரித் தேயிலைக்குச் சோவியத் சந்தை பெரிய ஆதாரமாக இருந்தது. 1991இல் அந்த நாடு கலைந்தபோது அதிர்ச்சி கோத்தகிரியின் சிறு விவசாயி வரை வந்தது. 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு நீலகிரியில் போராட்டங்கள் எழுந்தன. ஒரு பெரும் வாடிக்கையாளர் கைநழுவியதன் விலையை மலைச்சரிவில் கூடை சுமந்தவர்கள் கொடுத்தார்கள். ருஷ்ய நாவலில் பாடும் சமோவாருக்கும் வால்பாறை, குன்னூர், நுவரெலியா லயன் வீடுகளுக்கும் இடையில் இருந்த இந்த உறவு, கலைக்களஞ்சியங்களில் சமோவார் என்ற தலைப்பின்கீழ் இடம்பெற வேண்டிய செய்தி.

ருஷ்யர் தங்கள் கலத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப்பெயரைக் காத்து, அகராதியில் ஏற்றி, அருங்காட்சியகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் தாமிர பாய்லருக்கும் கடைப் பாய்லருக்கும் உறுப்புப் பெயர்கள் உண்டு. ஊருக்கு ஊர் அவை மாறும். கொல்லரிடம் ஒன்று, வீட்டுப் பெண்களிடம் ஒன்று, கடைக்காரரிடம் ஒன்று. பழைய செம்பு வாங்க வருபவர் தராசில் ஏற்றும்போது அந்தப் பெயர்களும் சேர்ந்தே போய்விடுகின்றன. இன்னும் அப்படியொரு கலம் வீட்டுப் பரணிலோ கடை மூலையிலோ இருக்குமானால், அதை விற்பதற்கு முன் ஒரு படம் எடுத்து, குழலுக்கும் மூடிக்கும் சாம்பல் தட்டுக்கும் உங்கள் வீட்டில் என்ன பெயர் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.